பத்து நாள் மௌனமா, தினம் அரை மணியா? சிறைவாசிகளுக்குத் தியானம் கற்பிக்கும் வழிகள் குறித்து ஓர் ஒப்பீடு

ஒரு கிளைச் சிறையில் புதன்கிழமைதோறும் தியான வகுப்பு நடத்தப் போய்க்கொண்டிருந்தேன். முதல் வாரம் ஜமக்காளத்தில் வந்து அமர்ந்த 24 பேரில் மூன்றாம் வாரம் மிஞ்சியவர்கள் 5 பேர். சிலருக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. சிலர் வாய்தாவுக்காக நீதிமன்றம் போயிருந்தார்கள். இரண்டு பேரை மத்தியச் சிறைக்கு மாற்றியிருந்தார்கள். ஒருவருக்கு அன்று மனு, அதாவது பார்வையாளர் சந்திப்பு; ஊரிலிருந்து மனைவி பார்க்க வந்திருந்தார். எட்டு வாரத்துக்கென்று படிப்படியாக வகுத்து வைத்திருந்த பாடத்தில் முதல் வாரப் பாடத்தையே மறுபடி மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. பாடத்தில் குறை இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. அந்தச் சிறைக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

சிறைக்குள் தியானம் வேண்டுமா என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட ஒரு சிறைக் கண்காணிப்பாளரோ, நல்லெண்ணத்தோடு அனுமதிக் கடிதம் எழுதும் ஒரு தன்னார்வ அமைப்போ அடுத்து எதிர்கொள்ளும் கேள்வியைத்தான் பேச விரும்புகிறேன்: இருக்கிற பல முறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலும் இந்தத் தேர்வு, யார் முதலில் வந்து கேட்டார்களோ அவர்களுடைய முறைக்கு அனுமதி கொடுப்பதாகவே முடிந்துவிடுகிறது. சிறைவாசியின் நாள் எப்படி நகர்கிறது, அவர் எத்தனை நாள் அங்கே இருப்பார், விடுதலையான பின் எங்கே போவார் என்பதையெல்லாம் வைத்து முடிவெடுத்தால், வேறு விடைகள் கிடைக்கின்றன.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ 5.73 லட்சம் பேர் இருந்தார்கள்; இடம் இருந்ததோ சுமார் 4.36 லட்சம் பேருக்கு. 100 பேருக்கான இடத்தில் 131 பேர் என்று பொருள். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று அதிகமானோர் விசாரணைக் கைதிகள். அதாவது, இந்தியச் சிறையில் தியானம் கற்க வந்து அமர்கிறவர் பெரும்பாலும் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பு வழங்கப்படாதவர். அடுத்த வாரம் அதே இடத்தில் இருப்பாரா என்பதே தெரியாதவர். அவருடைய மனக்கொதிப்பில் பெரும்பங்கு வழக்கைப் பற்றியது. மறுவாழ்வு என்ற சொல்லைத் தண்டனைக் கைதியை மனத்தில் வைத்தே நாம் பயன்படுத்துகிறோம், எண்ணிக்கையிலோ விசாரணைக் கைதிகளே மிகுதி. இந்த இடைவெளியைக் கவனிக்காத எந்தத் திட்டமும் பாதி சிறைகளில் தடுமாறும்.

பத்து நாள் முகாமில் மௌனமாக அமர்ந்து மூச்சையும் உடலுணர்ச்சிகளையும் கவனிக்கும் முறையான விபாசனாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தியச் சிறைகளில் மிக நீண்ட வரலாறு அதற்குத்தான் உண்டு. பர்மாவின் மாண்டலே நகரில் பிறந்து, அங்கே அரசின் தலைமைக் கணக்காயராக இருந்த யூ பா கின்னிடம் தியானம் கற்று, 1969-இல் இந்தியா வந்த எஸ்.என். கோயங்கா, 1975-இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் முதல் பத்து நாள் முகாமை நடத்தினார். அப்போது ராஜஸ்தானின் உள்துறைச் செயலராக இருந்த ராம் சிங் தாமே முகாமில் அமர்ந்து பயன் கண்டவர் என்பதால்தான் அந்தக் கதவு திறந்தது. கொடிய குற்றவாளிகள் என்று கருதப்பட்ட சிலரைக் கால் விலங்கோடு கூட்டிவந்து அமர்த்தியபோது, விலங்கு பூட்டிய மனிதருக்குத் தம்மால் தியானம் சொல்லித்தர இயலாது என்று கோயங்கா மறுத்ததாகவும், காவல் அதிகாரிகளின் அச்சத்தைத் தாண்டி அந்த விலங்குகள் கழற்றப்பட்டதாகவும் விபாசனா வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். எந்தத் தியான முறையைத் தேர்ந்தாலும், நிர்வாகம் முதலில் தன் பக்கத்தில் எதைக் கழற்றி வைக்கப் போகிறது என்ற கேள்வி இருக்கவே செய்கிறது; அதனால் அந்தச் சம்பவம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பின்னர் 1993 மே மாதம் கிரண் பேடி டெல்லிச் சிறைகளின் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்றபோது, திகார் தன் கொள்ளளவைப் பல மடங்கு தாண்டிய நெரிசலோடும், போதைப் பொருளோடும், கும்பல்களோடும் இருந்தது. விபாசனாவைப் பரிந்துரைத்தவர், அதனால் தம் சொந்தக் கோபம் தணியக் கண்ட ஒரு சிறை அதிகாரி. அந்த ஆண்டு நவம்பரில் முதல் முகாம் நடந்தது. 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறைவாசிகள் ஒரே முகாமில் அமர்ந்தார்கள். அதைத் தொடர்ந்து சிறை வளாகத்துக்குள்ளேயே ‘தம்ம திகார்’ என்ற நிரந்தர மையம் அமைக்கப்பட்டது. உற்சாகமான ஓர் அதிகாரி மாற்றலாகிப் போனதும் மறைந்துவிடுகிற திட்டங்களே சிறைத்துறையில் அதிகம். நிரந்தர மையமாக நின்றதால்தான் திகாரின் முயற்சி அந்த வரிசையில் சேரவில்லை.

இந்த முறை என்ன கேட்கிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு எழ வேண்டும். நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் அமர வேண்டும். முதல் மூன்றரை நாட்கள் மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதை மட்டும் கவனிக்க வேண்டும். அதன் பிறகுதான் உடல் முழுவதும் எழுகிற உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றிப் பார்க்கிற பயிற்சி தொடங்கும். ஒன்பது நாட்கள் பேச்சில்லை. பீடி, புகையிலை இல்லை. மனு இல்லை, கடிதம் இல்லை. ஆசிரியர்கள் ஊதியம் வாங்குவதில்லை, கற்பவரிடம் கட்டணமும் இல்லை. மாலை உரைகள் ஒலிப்பதிவாகத் தமிழிலும் கிடைக்கின்றன. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம் இருப்பதால் தமிழ்நாட்டுச் சிறைகளுக்கு ஆசிரியர் எட்டாத தூரத்தில் இல்லை.

சொல்வதற்கு எளிது. மாலை 6 மணிக்கு எண்ணிக்கை முடித்து லாக்-அப் செய்து, காலை 6 மணியளவில் திறக்கும் ஒரு சிறையில், 4 மணிக்கு எழுந்து வேறொரு கூடத்துக்குப் போக வேண்டுமென்றால், முகாமில் இருப்பவர்களுக்குத் தனி பிளாக் வேண்டும், அங்கேயே கூடம் வேண்டும், அங்கேயே சமையலுக்கு ஏற்பாடு வேண்டும், பத்து நாளும் அதே வார்டர்கள் பணியில் இருக்க வேண்டும். பத்து நாளில் யாருக்கும் வாய்தா வரக் கூடாது. பீடியை விடுவதும் சாதாரணக் கட்டுப்பாடன்று. சிறைக்குள் பீடி புகைப்பதற்கு மட்டுமல்ல, துணி துவைத்துத் தருவதற்கும் வரிசையில் முன்னால் இடம் பிடித்துத் தருவதற்கும் கைமாறும் நாணயம் அது. பத்து நாள் அதை விட்டவர் பதினோராம் நாள் தன் பிளாக்குக்குத் திரும்பும்போது, அந்தச் சந்தை அவருக்காகக் காத்திருக்கிறது.

இத்தனை கேட்பதற்கு ஈடாக அது தருவதும் பெரிது. அமெரிக்காவில் சியாட்டில் அருகே கிங் கவுன்டியின் நார்த் ரீஹேபிலிடேஷன் ஃபெசிலிடி என்ற சிறையில் 1997 முதல் விபாசனா முகாம்கள் நடந்தன. அங்கே முகாமில் அமர்ந்தவர்களையும் வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களையும் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், விடுதலையான மூன்று மாதத்துக்குப் பிறகு முகாமில் அமர்ந்தவர்களிடையே மது, கஞ்சா, கிராக் கொகைன் ஆகியவற்றின் பயன்பாடு குறைந்திருந்தது. குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் செய்யப்பட்ட ஆய்வன்று அது. தாமாக முன்வந்தவர்களையே பார்த்தது என்பதால், முகாமின் பலன் எவ்வளவு, திருந்த வேண்டும் என்று ஏற்கெனவே இருந்த மனத்தின் பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆயினும் சிறைச் சுவருக்கு வெளியே, பழைய நண்பர்கள் நடுவே, பழைய கடைவாசலில் அளந்த ஆய்வு என்பதால் அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

விபாசனாவுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் டொனால்ட்சன் சிறையில், உயர் பாதுகாப்புச் சிறை ஒன்றில் வட அமெரிக்காவில் முதன்முறையாக, 2002-இல் முகாம் நடந்தது. நல்ல விளைவுகள் பேசப்பட்டுக்கொண்டிருந்தபோதே, இது பௌத்த சமயம் என்ற எதிர்ப்பு சிறையின் கிறித்தவ ஆன்மிகப் பணியாளர் தரப்பிலிருந்து எழுந்து முகாம்கள் நிறுத்தப்பட்டன. 2006-இல்தான் மீண்டும் தொடங்கின. இடையில் அந்தச் சிறையில் தியானம் கற்றிருந்தவர்கள் கூடி அமரவும் இடமின்றி நின்றார்கள். எந்த முறையாக இருந்தாலும் அதை ஒரு சமயத்தின் பெயரால் நிறுத்திவிட முடியும் என்பதைத் தொடங்கும் முன்பே நிர்வாகம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் சிறைகளில் ஒரே கூடத்தில் இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் அமர்கிறார்கள். வகுப்பின் முன்னால் ஒரு படமும் விளக்கும் வைத்தால் சிலருக்கு மனம் நிறையும், சிலர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். வராதவர் காரணத்தைச் சொல்லவும் மாட்டார்.

வாரம் ஒருமுறை யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் இறுதியில் சிறிது நேரத் தியானமும் என்ற வழி, தமிழ்நாட்டுக்கு மிகவும் பழக்கமானது. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையைக் கற்பிக்கும் பயிற்சியாளர்கள் ஏறத்தாழ எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எளிய உடற்பயிற்சி, தியானம், தன்னைத் தானே ஆராய்கிற அகத்தாய்வு என்று படிப்படியாகப் போகும் அந்த முறையில், கோபத்தையும் கவலையையும் தனித்தனியாக எடுத்து எழுதிப் பார்க்கச் சொல்லும் பகுதி சிறைவாசிகளுக்கு மிகவும் பயன்படும் என்பது என் எண்ணம். தமிழிலேயே உருவானது, தமிழிலேயே சொல்லப்படுவது. கற்பிக்கிறவரின் சொல்லை இன்னொருவர் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கலந்திருக்கும் வகுப்பில் இதன் அருமை தெரியும்.

இந்த வழிக்கு ஆதாரமாக இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு சிறைகளில் பத்து வாரம் யோகா வகுப்பு நடத்தி, முடிவுகளை 2013-இல் வெளியிட்டார்கள். குலுக்கலில் யோகா வகுப்புக்கு வந்தவர்களிடம் மனநிலை மேம்பட்டிருந்தது, மன உளைச்சல் குறைந்திருந்தது, கணினியில் வைத்த ஒரு சோதனையில் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தாமல் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன் கூடியிருந்தது. கடைசியாகச் சொன்னதுதான் என்னை ஈர்க்கிறது. கை ஓங்கியதற்கும் கை விழுந்ததற்கும் இடையில் இருந்த ஒரு நொடியைப் பற்றி எத்தனையோ தண்டனைக் கைதிகள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அந்த நொடியைச் சற்று நீட்டிக்கிற எதுவும் அவர்களுக்கு வேண்டியதே.

ஆனால் வாரம் ஒருமுறை என்பது பயிற்சிக்குப் போதாது. மற்ற ஆறு நாளும் அவர் தாமாகச் செய்ய வேண்டும். 40 பேர் படுத்திருக்கும் அறையில், ஒரு மூலையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, கண்ணை மூடி உட்காருகிறவரைப் பக்கத்தில் இருப்பவர்கள் சும்மா விடுவதில்லை. அதனால் வகுப்பைக் கணக்கிடும்போது ஆசிரியர் வரும் ஒரு மணி நேரத்தை மட்டும் கணக்கிடாமல், மற்ற நாட்களில் அமர ஓர் இடமும் ஒரு நேரமும் கிடைக்குமா என்பதையும் கணக்கிட வேண்டும். கிடைக்காது என்றால், தியான வகுப்பு என்ற பெயரில் வாரம் ஒருநாள் ஓய்வு தருகிறோம் என்று நேர்மையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் தவறில்லை.

மருத்துவமனையிலிருந்து புறப்பட்டு வந்த முறை ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-இல் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வார மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி, தியானத்தைச் சமயச் சொற்களிலிருந்து விலக்கி, மூச்சு, உடல், எண்ணம் என்ற சொற்களிலேயே கற்பிக்கிறது. 1992 முதல் 1996 வரை அதே மாநிலச் சிறைகளில் நடந்த 113 வகுப்புகளை முடித்த 1,350 பேரிடம், முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுத்துப் பார்த்ததில் பகைமை உணர்ச்சி குறைந்து, தன்மதிப்பும் மனநிலையும் மேம்பட்டிருந்தன. ஆண்களைவிடப் பெண்களிடம் முன்னேற்றம் அதிகம். ஆண்களில், நடுத்தரப் பாதுகாப்புச் சிறைகளில் இருந்தவர்களைவிட, விடுதலையை நெருங்கிக் குறைந்த பாதுகாப்புச் சிறையில் இருந்தவர்களிடம் அதிகம். நமக்கு இங்கே ஒரு குறிப்பு கிடைக்கிறது. விடுதலைக்குச் சில மாதங்களே உள்ளவர்களையும், சேலம், கோவை சிங்காநல்லூர், சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பு போன்ற திறந்தவெளிச் சிறைகளில் இருப்பவர்களையும் எட்டு வாரப் பயிற்சிக்கு முதலில் எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். அவர்கள் எட்டு வாரமும் இருப்பார்கள், நாளின் நேரமும் ஓரளவு அவர்கள் கையில் இருக்கும்.

மனத்துக்குள் ஒரு மந்திரத்தை ஓடவிட்டு நாளுக்கு இருமுறை 20 நிமிடம் அமரும் ஆழ்நிலைத் தியானத்துக்கும் சிறை ஆய்வு உண்டு. ஓரிகன் மாநிலச் சிறைகளில் 181 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நான்கு மாதம் நடத்தி, 2016-இல் வெளியான ஆய்வில், பழைய அதிர்ச்சிகளின் தாக்கமும் மன அழுத்தமும் தியானம் செய்தவர்களிடம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், மௌன விரதம் வேண்டாம் என்பது இதன் வசதி. உரிய ஆசிரியரிடம் தனித்தனியாகத்தான் மந்திரம் பெற வேண்டும், வெளியே கட்டணம் செலுத்திக் கற்பது என்பதால், யாரேனும் ஒரு நன்கொடையாளரின் துணை இல்லாமல் ஒரு சிறை இதைத் தொடர்வது கடினம்.

தியானத்தை நேரடியாகக் கற்பிக்காமல், உள்ளமைதியைப் பற்றிப் பேசவைக்கும் வகுப்புகளையும் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். பிரேம் ராவத் அறக்கட்டளையின் அமைதிக் கல்வித் திட்டம் அப்படிப்பட்டது. அமைதி, உள்வலிமை, கண்ணியம், நம்பிக்கை என்பன போன்ற பத்துத் தலைப்புகளில் காணொளி பார்த்து, பிறகு ஒவ்வொருவரும் யோசித்து எழுதவும் பேசவும் இடம் தருகிறது. தேர்ந்த ஆசிரியர் தேவையில்லை, ஒரு திரையும் ஓர் ஒருங்கிணைப்பாளரும் போதும் என்பதால் தொடங்குவது மிகவும் எளிது. வருடக்கணக்கில் யாரும் ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று கேட்டிராத மனிதருக்கு அந்தக் கேள்வியே பெரிய மரியாதை. ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் மனம் வழக்கையே சுற்றும்போது கையில் எடுத்துச் செய்ய ஒரு பயிற்சியை அது கொடுப்பதில்லை. வேறொரு பயிற்சிக்கு வாசலாக வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறைக்குள் இருக்கும்போது மனம் எப்படி இருக்கிறது என்பதையே அளந்தன. யோகாவும் தியானமும் சிறையில் தரும் பலனைக் குறித்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அலிசன் லீப்ளிங் உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட மதிப்பீடும் மனநலத்தில் ஒரு சிறு முன்னேற்றம், நடத்தையில் ஒரு சிறு முன்னேற்றம் என்றுதான் முடிவு சொன்னது. மறுபடியும் குற்றம் செய்யாமல் இருப்பதைத்தான் மறுவாழ்வு என்று கொண்டால், வலுவான ஆதாரம் வேறிடத்தில் இருக்கிறது. சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் உளவியல் பயிற்சிகளைப் பற்றிய 58 ஆய்வுகளை 2005-இல் தொகுத்துப் பார்த்தவர்கள், மறுகுற்றம் சராசரியாக 25 விழுக்காடு குறைவதைக் கண்டார்கள். சிறைக்குள் கல்வி பெற்றவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு விகிதம், கல்வி பெறாதவர்களைவிட 43 விழுக்காடு குறைவு என்று அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013-இல் சொன்னது. தியானத்தை நேசிக்கிறவன் என்பதால் இதை மறைக்க நான் விரும்பவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வகுப்பறையை மூடி அந்தக் கூடத்தைத் தியானத்துக்குக் கேட்கும் தன்னார்வலர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சிறைவாசிக்கு நட்டத்தையே உண்டாக்குகிறார். காலையில் அரை மணி அமர்ந்தவர் அதன்பின் தேர்வுக்குப் படிக்கப் போகலாம், தறிக்கூடத்துக்குப் போகலாம், உளவியல் ஆலோசகரைப் பார்க்கப் போகலாம். அப்படி மற்றவற்றுக்கு மனத்தை ஆயத்தப்படுத்துகிற வேலையில்தான் தியானத்தின் பலனை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் சிறையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. ஆறு வயது வரையிலான குழந்தைகள் தாயோடு சிறையில் இருக்கலாம். பத்து நாள் மௌனம் என்பது அந்தத் தாய்க்குப் பொருளற்றது. நான் பார்த்த ஒரு வகுப்பில், இரண்டு வயதுப் பையன் தாயின் மடியில் ஏறி அவர் மூடியிருந்த கண்களை விரலால் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவரும் ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு மறுபடி மூடினார். கொஞ்ச நேரத்தில் அருகிலிருந்த பாட்டி ஒருவர் தம் தியானத்தை விட்டு எழுந்து பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பெண்கள் சிறையில் தியான வகுப்பு தொடங்க விரும்பும் அமைப்பு, ஆசிரியரோடு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் சேர்த்து அனுப்பட்டும். அந்தப் பாட்டியும் அப்போது அமரலாம். முறை என்று பார்த்தால் அங்கே குறுகிய, அடிக்கடி நடக்கும் வகுப்புகளே ஏற்றவை.

இனி என் தேர்வைச் சொல்கிறேன். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, ஆயுள் என்று இருப்பவர்களைக் கொண்ட மத்தியச் சிறைக்கு, தினமும் காலை அரை மணிக் கூட்டு அமர்வையே அடித்தளமாக வைப்பேன்; எந்த முறையைச் சேர்ந்த ஆசிரியர் வந்தாலும், அவர் வராத நாட்களிலும் அந்த அரை மணி நடக்க வேண்டும். அதில் ஆறு மாதம் தவறாமல் அமர்ந்தவர்களில் விரும்புகிறவர்களுக்கு மட்டும், ஆண்டுக்கு ஓரிரு முறை விபாசனா முகாம். வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி இருக்கிறது. முகாமை முதலில் நடத்திவிட்டுத் தினசரி அமர்வுக்குப் பிறகு இடம் தேடும் சிறைகளில், முகாமில் கிளர்ந்த நல்லுணர்வு சில வாரங்களில் வற்றிவிடுகிறது. வற்றியதற்கு அந்த மனிதரையே குறை சொல்கிறார்கள்.

முறை எதுவானாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். தியானத்துக்கு வருவதைத் தண்டனைக் குறைப்போடோ, பரோலோடோ, முன்விடுதலைப் பரிந்துரையோடோ இணைக்கக் கூடாது. இணைத்தால் கூடம் நிறையும், ஆனால் யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது, உண்மையாக அமர்கிறவரும் நடிக்கிறார் என்ற பழியைச் சுமப்பார். கடுமையான மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களையும், அண்மையில் தற்கொலைக்கு முயன்றவர்களையும் சிறை மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் நீண்ட மௌன முகாமில் சேர்க்கக் கூடாது. பத்து மணி நேரம் கண்மூடி அமர்ந்தால் மேலெழுந்து வருபவை எல்லாம் இனிமையானவை அல்ல, அவற்றைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். முதல் மாதத்தில் புகைப்படம் வேண்டாம், பத்திரிகைச் செய்தி வேண்டாம். வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஒருவரின் முகத்தைத் திருந்திய குற்றவாளி என்று காட்ட நமக்கு உரிமை இல்லை.

வார்டர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெய்ப்பூரிலும் திகாரிலும் தொடக்கப் புள்ளியாக இருந்தவர், தாமே அமர்ந்து பார்த்த ஓர் அதிகாரி. இரவுப் பணி முடித்துச் சிவந்த கண்களோடு, விடுப்புக் கிடைக்காத எரிச்சலோடு நிற்கும் காவலருக்கும் அதே மூச்சும் அதே மனமும்தான். அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தால், காலை அரை மணி அமர்வுக்காகக் கதவைத் திறந்துவிடுவது அவருக்கு இன்னொரு வேலையாகப் படாது. கட்டாயப்படுத்தாமல், பணி நேரத்திலேயே, அவர்களுக்கென்று தனியாக நான்கு வகுப்பு நடத்திவிட்டுச் சிறைவாசிகளுக்குத் தொடங்குவது நல்லது. நான் பார்த்தவரை, இந்த ஒரு ஏற்பாட்டைச் செய்த இடங்களில் வகுப்பு ரத்தாவது கண்கூடாகக் குறைந்தது.

கிளைச் சிறைகளுக்கும், விசாரணைக் கைதிகள் நிறைந்த பிளாக்குகளுக்கும் பல வாரப் பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வகுப்பும் தன்னளவில் முழுமையாக இருக்கட்டும்: கை கால் நீட்டி மடக்கப் பத்து நிமிடம், ஒன்றிலிருந்து பத்து வரை மூச்சை எண்ணி மறுபடி ஒன்றுக்கு வருகிற பயிற்சி இருபது நிமிடம், அதை எங்கே எப்போது செய்யலாம் என்று பேசப் பத்து நிமிடம். ஒரே ஒரு வகுப்போடு ஜாமீனில் போகிறவரும் ஏதோ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நானும் என் எட்டு வாரத் திட்டத்தை விட்டுவிட்டு இப்படி மாற்றிக்கொண்டேன்.

மாற்றிய பிறகு ஒரு புதன்கிழமை, முந்தைய வாரம் மட்டும் வந்திருந்த ஓர் இளைஞர் வகுப்பு முடிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை அவருக்கு வாய்தா. வழிக்காவலோடு வண்டியில் ஒன்றரை மணி நேரப் பயணம், சாட்சி வராததால் மறுபடி தள்ளிவைத்துவிட்டார்கள். “சார், அந்த மூச்சு எண்றத வண்டியில உக்காந்தும் பண்ணலாம்ல?” என்று கேட்டார். தாராளமாகப் பண்ணலாம் என்றேன். “பண்ணேன் சார். போறப்ப பத்து வரைக்கும் வரவே இல்ல, நாலுலயே நின்னுடுச்சு. வர்றப்ப நாலஞ்சு தடவ பத்து வந்துச்சு” என்றார்.